வடவள்ளிக்குப் பசிக்கவில்லை

பந்தியில் ஒருவர்கூட இரண்டாம் தடவை சாம்பார் கேட்கவில்லை.

கோயம்புத்தூர்க் கல்யாணத்தில் இது லேசில் நடக்கிற விஷயம் இல்லை. வடவள்ளி மண்டபத்தில் இலை போட்டு, பச்சடியில் ஆரம்பித்து வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தபோதும் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சாம்பார் வாளிக்காரர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, "சாம்பார் வேணுங்களா? சாம்பாருங்க?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் வாளிக்குள்ளேயே மூக்கை விட்டு மோந்து பார்த்தார். ஊசிப்போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

டாக்டர் பூங்கோதை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. மனிதர்களின் பசியை ஆராய்வதுதான் அவள் தொழில். மற்றவர்கள் கல்யாண வீட்டில் நகையைப் பார்ப்பார்கள், இவள் இலையைப் பார்ப்பாள். யார் எங்கே நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகும் யாருடைய கை ஜாங்கிரிப் பக்கம் போகிறது என்று கவனிப்பாள். அன்றைக்கு ஒரு கையும் போகவில்லை. எல்லா ஜாங்கிரியும் முழுசாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் அவள் கவனம் நிஜத்தில் இருந்தது பக்கத்து இலையில். அங்கே அவள் மகள் ஆதிரை சோற்றைப் பிசைந்து, நிதானமாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆதிரைக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். முதலில் டயட் என்றாள். பிறகு அப்படி ஒரு பெயரும் தேவைப்படவில்லை. தண்ணீர் குடிக்கவே யோசிக்க ஆரம்பித்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி இறக்கினார்கள். குண்டானவர்களை இளைக்க வைப்பது எப்படி என்று தேசம் தேசமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவளின் மகள் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள். பூங்கோதைக்கு அப்போது தன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மனநல மருத்துவர் ஒரே ஒரு விதிதான் போட்டார். பசிக்கிறதா இல்லையா என்ற பேச்சே வேண்டாம், போனில் மணி அடித்தால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆதிரை அப்படியே செய்தாள். மாதக் கணக்கில் செய்தாள். பிறகு ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, பசிக்குதும்மா" என்றாள். பூங்கோதை தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று அழுதாள். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தராசு. ஆதிரை அதைச் சொன்ன நாள் நல்ல நாள். சொல்லாத நாளில் பூங்கோதைக்கு எதிலும் மனசு ஒட்டாது.

இலை போட்டபோதும் ஆதிரை சொன்னாள், "செம பசிம்மா." அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நீ ஏம்மா எதுவுமே தொடல?" என்று மகள் கேட்டபோதுதான் பூங்கோதை தன் இலையைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து டென்ஷன் கண்ணு. எறங்கல" என்று சொல்லி இலையை மூடினாள்.

கை கழுவுகிற இடத்தில் சமையல் மாஸ்டர் பழனிச்சாமி அவளைப் பிடித்துக்கொண்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. "ஏனுங் டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. சாப்பாட்டுல ஏதாச்சும் குறையிருக்குதுங்களா?"

"ஒரு குறையும் இல்லீங்க. நல்லா இருந்துச்சு."

"பொறவு ஏனுங் ஒருத்தரும் திங்க மாட்டேங்கறாங்க? பொள்ளாச்சில இதே கைதான் சமைக்குது. சட்டிய வழிச்சுத் திங்கறாங்க. இந்த வடவள்ளிப் பக்கம் வந்தாப் போதும், பூராவும் குப்பைக்குத்தான் போகுது. போன முகூர்த்தத்துலயும் இப்படியேதானுங்."

பூங்கோதை சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். ஆனால் வண்டியில் ஏறிய பிறகு அந்த 'வடவள்ளிப் பக்கம்' அவளை விடவில்லை. பல் இடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது.

*

மறுநாள் ஆதிரையின் சுடிதாரை வாங்கப் போகிற சாக்கில் நாகமணியின் தையல்கடைக்குப் போனாள். சாக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. வடவள்ளியில் அவளுக்கு ஆய்வு ரீதியாகத் தெரிந்த ஒரே ஆள் நாகமணிதான். 'நிறைவு' சோதனையில் சேர்ந்த அறுபது பேரில் ஒருத்தி.

'நிறைவு' என்பது பூங்கோதை வளர்த்த ஒரு கிருமி. நம் குடலுக்குள் குடும்பம் நடத்துகிற கோடானுகோடி கிருமிகளில் ஒரு சாதுவான இனத்தைப் பிடித்து, அதற்கு ஒரே ஒரு வேலை கற்றுக்கொடுத்திருந்தாள். வயிறு நிறைந்ததும் உடம்பு மூளைக்கு 'போதும்' என்று சொல்லி அனுப்புமே, அந்தச் சேதியை வயிறு நிறைவதற்கு முன்பே சொல்லி அனுப்பிவிடும். எவ்வளவு தின்றும் அடங்காத பசியோடு அல்லாடுகிறவர்களுக்காகச் செய்தது. சின்னச் சின்னத் தயிர்க் கப்புகளில் போட்டு மூன்று மாதம் கொடுத்தார்கள். கப்பை நிறுத்தியதும் கிருமி செத்துவிடும், பசி மெதுவாகத் திரும்பும் என்பது கணக்கு. நாகமணிக்குத் திரும்பவில்லை. கப்பு நின்ற பிறகும் இளைத்துக்கொண்டே வந்தாள். ஆய்வு மையத்தில் அதைக் கைதட்டிக் கொண்டாடினார்கள்.

கடைக்குள் நுழைந்தால் கால் வைக்க இடம் இல்லை. மெஷினைச் சுற்றி ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை என்று மலையாகக் கிடந்தது.

"என்னக்கா, தீபாவளி முன்னாடியே வந்துருச்சா?"

"வாங்க வாங்க டாக்டரம்மா!" நாகமணி எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள். முன்பெல்லாம் எழுந்திருக்கவே மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தவள். "அத ஏங் கேக்கறீங்க. புதுசா தெய்க்க ஒருத்தரும் வரலீங். எல்லாம் பிடிச்சுக் குடுக்கற வேலை. ஆறாம் வீதில ஒரு ஊடு பாக்கியில்ல, எல்லாத்துக்கும் ஜாக்கெட் தொளதொளன்னு ஆகிப்போச்சுன்னு கொண்டாந்து போட்டுட்டுப் போறாங்க. எம்பட ஜாக்கெட்டப் பிடிக்கத்தான் எனக்கு நேரமில்ல."

அவள் சிரித்தாள். பூங்கோதை சிரிக்கவில்லை. ஆறாம் வீதியில் சோதனைக்கு வந்தவர்கள் யாரும் இல்லை.

"வெயில்ல வந்திருக்கறீங்க, ஒரு வாய் மோர் குடிங்க" என்று நாகமணி பின்னால் போய் ஒரு டம்ளரோடு வந்தாள். "குடிச்சுப் பாருங்க, உங்க தயிர்தான்."

டம்ளரை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. "எங்க தயிரா? கப்பு நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?"

"கப்பு நின்னா என்னங்? கடைசிக் கப்புல ஒரு ஸ்பூன் எடுத்து வெச்சு ஒறை ஊத்தீட்டேன். அன்னிலருந்து எங்கூட்டுத் தயிர் அந்தத் தயிர்தான். என்னா கெட்டிங்கறீங்க! சட்டியக் கவுத்தாலும் விழுகாது."

"மீதிய கொட்டிடணும்னு சொல்லியிருந்தோமேக்கா?"

"மருந்தா இருந்தாக் கொட்டியிருப்பனுங். தயிரக் கொட்டுவாங்களா? ஒறைக்கு ஒரு கரண்டி வெக்காம சட்டியக் கழுவறவ உண்டுங்களா எங்கியாச்சும்?"

பூங்கோதை மோரைக் கீழே வைத்தாள். அவளும் கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். சின்ன வயதில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு, "ஒறமோர் இருந்தாக் குடுக்கச் சொன்னாங்கத்தை" என்று அடுத்த வீட்டு வாசலில் எத்தனையோ தடவை நின்றவள். அப்படியிருந்தும் அத்தனை கூட்டங்களில் ஒன்றில்கூட அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. மெஷினில் சூடாக்கிய பாலில் மூன்று சுற்று வளர்த்துப் பார்த்தார்கள், கிருமி செத்துவிட்டது, பத்திரம் என்று எழுதிவிட்டார்கள். வெதுவெதுப்பான பாலில், மூடிய சட்டியில், அடுப்பு மேடை ஓரத்தில் அது சௌகரியமாகப் பிழைத்துக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. சட்டி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும்.

"கேட்டவிங்களுக்கெல்லாம் குடுத்தேன். ஒறமோர் கேட்டா இல்லீன்னு சொல்லலாமுங்களா? அடுத்தூட்டு அக்கா, அவங்க தங்கச்சி, பால்காரர் சம்சாரம், அந்தப் பக்கம் மெஸ் வெச்சிருக்கறாங்களே அவங்க. ஏன், உங்கூட்டுல சமைக்கற சரோஜாவே போன மாசம் வாங்கீட்டுப் போனாளே. பாப்பாவுக்குத் தயிர்ச்சோறுன்னா உசுருன்னு சொல்லி."

பூங்கோதை முக்காலியை விட்டு எழுந்தாள். சுடிதாரை வாங்காமலே வண்டியை எடுத்தாள்.

*

வீட்டில் ஆதிரை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் தயிர்ச்சோறு. ஓரத்தில் மாவடு.

என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் பூங்கோதை தட்டைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கிய வேகத்தில் சோறு சிதறி மேஜையெல்லாம் தெறித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்ச் சட்டியை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். நாகமணி சொன்னது சரிதான், லேசில் விழவில்லை. கரண்டியால் வழித்து எறிய வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது ஆதிரை தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது இருந்த அதே முகம். சாப்பிடப் பயந்து மீண்டு வருகிறவர்களின் தட்டைத் தொடவே கூடாது. அந்த வீட்டில் அது முதல் சட்டம். அதைப் போட்டதே பூங்கோதைதான்.

"தயிர் கெட்டுப்போச்சு கண்ணு."

"நல்லாத்தானேம்மா இருந்துச்சு."

"கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சு!" குரல் உயர்ந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆதிரை, என்னப் பாரு. உனக்கு இப்பப் பசிக்குதா? நெசமாச் சொல்லு."

ஆதிரை அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், "பசிக்குதும்மா."

பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாகத் தோசை வார்த்தாள். ஆதிரை சாப்பிட்டாள். ஆனால் கல்லில் மாவை ஊற்றும்போதே பூங்கோதைக்குள் இருந்த டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதமாக 'நிறைவு' வயிற்றுக்குள் போயிருக்கிறது. பசிக்க முடியாது. ஒன்று, இவள் உடம்பில் அது ஒட்டவில்லை; அல்லது இவள் பொய் சொல்கிறாள். முதலாவதாக இருக்கட்டும், சாமி, முதலாவதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தோசையைத் திருப்பினாள்.

*

ஆய்வு மையத்தின் தலைவர் வரதராஜுலு கெட்டவர் இல்லை. முப்பது வருடமாகச் சர்க்கரை நோயாளிகளின் கால்களை வெட்டி எடுப்பதைப் பார்த்து மனசு நொந்தவர். அதனால்தான், பூங்கோதை ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து மறுநாள் கொண்டுவந்த வடவள்ளித் தயிர்ச் சட்டிகளின் சோதனை முடிவுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஊசி இல்ல, மாத்திரை இல்ல, விளம்பரம் இல்ல. ஒரு ஊரே இளைச்சிருக்கு! அங்க சர்க்கரை கிளினிக்ல ஈ ஓட்டறாங்களாம், தெரியுமா? இதுக்குப் போயி இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கே. சரி, யாருக்கு என்ன நஷ்டம்? அதச் சொல்லு."

"காலையில வடவள்ளி அங்கன்வாடிக்குப் போனேன் சார்."

அவர் பேனாவை வைத்தார்.

"மூணு வயசுப் பையன் ஒருத்தன், தட்டுல இருந்த முட்டைய உருட்டி வெளையாடறான். டீச்சர் ஊட்டுனாத் துப்பறான். அடம் இல்ல சார், அழுகை இல்ல, சும்மா வேண்டாங்கறான். எடுத்து இடுப்புல வெச்சேன். ஒண்ணுமே இல்ல, துணிமூட்டை தேவலாம். போன மாசம் வரைக்கும் சட்டி காலியாயிட்டு இருந்ததாம். இப்பப் பாதி மிஞ்சுதுங்கறாங்க. அம்மாக்காரிங்க கூலி வேலைக்குப் போறவங்க. புள்ள அழுகலைன்னா, சாப்பிட்டிருக்கும்னுதான் நெனப்பாங்க. புள்ள அழுதாத்தானே சார் தெரியும்?"

வரதராஜுலு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவருக்கும் அது தைத்தது. "மாத்துக் கிருமி இருக்குல்ல. இதை அழிக்கிறது. அதையும் தயிர்லயே போட்டு, அதே மாதிரி ஒறமோரா ஊருக்குள்ள விட்டுடலாம். சத்தம் இல்லாம முடிஞ்சுடும். உன் பேரும் கெடாது, மையத்துப் பேரும் கெடாது."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தயார் பண்ணி, பரவி முடிக்க ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம் அந்தப் பையன் தாங்குவானா சார்? இப்பவே சொல்லணும். பசிக்கலன்னாலும் ஊட்டுங்கன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லணும். வேலை போனாப் போகட்டும், ஜெயில்னாலும் பரவால்ல."

"சொல்லு" என்றார் அவர், திரும்பாமலே. "டிவில சொல்லு. 'வடவள்ளியில ஒரு தயிர் இருக்கு, சாப்பிட்டா பசிக்காது, எல்லாரும் கொட்டிடுங்க'ன்னு சொல்லு. கொட்டுவாங்கன்னு நெனைக்கிறியா? கியூல நிப்பாங்க. யாரு மொதல்ல நிப்பாங்க தெரியுமா? உன் பொண்ணு மாதிரிப் பொண்ணுங்க. சாப்பிடாம இருக்க வழி தேடிட்டே இருக்கறவங்க. உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கா. அவ கிட்டப் போயி இதை எப்படிச் சொல்லுவ?"

அவர் எதை எடுத்து அடித்தால் வலிக்குமோ அதை எடுத்துத்தான் அடித்தார்.

கேண்டீனில் பன்னும் காப்பியும் வாங்கினாள். பன் அப்படியே இருந்தது, காப்பியில் ஆடை கட்டியது. உட்கார முடியாமல் எழுந்தாள். எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே நாகமணிக்குப் போன் போட்டு, தயிரைக் கொதிக்க வைத்துக் கொட்டச் சொன்னாள். ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"சின்னப் புள்ளைங்க வவுத்துல அடிக்குதுன்னா கொட்டித்தானுங் ஆகோணும்" என்றாள் நாகமணி கடைசியில். "கொட்டறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் டாக்டரம்மா. வயசுக்கு வந்த காலத்துலருந்து எனக்கு இந்தப் பசி. சாப்புட்டு எந்திரிக்கையிலயே அடுத்து என்னன்னு மனசு பறக்கும். பாக்கறவிங்க பூராம் நாக்க அடக்குன்னுதான் சொன்னாங்க. நாக்கு இல்லீங் அது. உங்க தயிர் வந்துதான் நான் ஒரு எடத்துல சும்மா உக்காந்தேன். அதத் திருப்பிக் குடுன்னா எப்படீங்?"

"கப்புல மறுபடியும் வாங்கித் தரப் பாக்கறேன்க்கா. பத்திரமா, உங்களுக்கு மட்டும் வேலை செய்யற மாதிரி."

"எப்பங்?"

"தெரியலக்கா."

நாகமணி அழுதாளா என்று தெரியவில்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. போனை வைத்தபோது பூங்கோதைக்கு உலகத்திலேயே கேவலமான மனுஷி தான்தான் என்று பட்டது. பசியை எடுத்தாலும் பாவம், கொடுத்தாலும் பாவம் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறதே இந்தப் படிப்பு என்று நொந்துகொண்டாள்.

*

ஆதிரையிடம் முதலில் சொல்லிவிடுவது, பிறகு ஊருக்குச் சொல்வது என்று முடிவு செய்துதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். டிவிக்காரர்கள் சொல்லி மகள் தெரிந்துகொள்ளக் கூடாது.

சொன்னாள். கிருமி, நாகமணி, உறைமோர், சரோஜா, அங்கன்வாடி எல்லாம். சொல்லும்போது மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஒரு ஆசை மின்னிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஆதிரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். பூங்கோதை பின்னாலேயே போகலாமா வேண்டாமா என்று தவிப்பதற்குள் திரும்பி வந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை மேஜையில் வைத்தாள். உள்ளே தயிர். மேலே லேசாகப் பூஞ்சை.

"என்ன கண்ணு இது?"

"எங்க குரூப்ல பிரதிக்ஷா இருக்கால்ல, என்கூட ஆஸ்பத்திரில இருந்தாளே. அவ குடுத்தா. அவ சித்தி வீடு ஆறாம் வீதி. சாப்பிட்டா பசியே எடுக்காது, செம தயிர்டீன்னு சொன்னா. எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும்மா. உங்களுக்குத்தான் லேட்டு."

எந்தப் பெண்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்று வரதராஜுலு சொன்னாரோ, அவர்கள் கைகளில் அது முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மறைப்பதற்கு இனி அங்கன்வாடி அம்மாக்கள் மட்டும்தான் பாக்கி.

"நீ... சாப்பிட்டியா?"

"இதத் தொடல. கொட்டவும் மனசு வரல. அப்படியே வெச்சுட்டேன். நம்ம வீட்டுத் தயிரும் இதுதான்னு நீ தட்டப் பிடுங்கினப்பதான் புரிஞ்சுது." ஆதிரை சிரிக்கப் பார்த்தாள். "ஒளிச்சு வெச்சுட்டு, அதையே ஒரு மாசமா மாவடு தொட்டுக்கிட்டு சாப்பிட்டிருக்கேன்."

"அப்போ உனக்குப் பசி?"

"இல்லம்மா."

"ஒரு மாசமாவா?"

ஆதிரை டப்பா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

"ஒரு மாசமா இல்ல. எனக்குப் பசி திரும்பி வரவே இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு முன்னாடி போனது, போனதுதான். மணி அடிக்கும், சாப்பிடுவேன். அவ்வளவுதான்."

"நீ சொன்னியே. செருப்பக் கழட்டிட்டே சொன்னியே, பசிக்குதும்மான்னு..."

"அன்னிக்கு உன் மூஞ்சி ரொம்ப வாடிப்போயிருந்துச்சு. சும்மா சொல்லிப் பாத்தேன். நீ அடுப்பு முன்னாடி நின்னு அழுதுக்கிட்டே தோசை சுட்ட. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்லாம இருக்கிறது?"

பூங்கோதை வாய்விட்டு அழுதாள். ஏமாந்தது அவமானமாக இருந்தது. இந்தப் பெண் தன்னந்தனியாக, பசியின் ஒத்தாசைகூட இல்லாமல், தினம் தினம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பசியை அளக்க எத்தனையோ கருவி வைத்திருந்தாள். மகளின் முகத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வரதராஜுலுவுக்கு, நாளைக் காலை கலெக்டர் அலுவலகம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, "ஊருக்கு என்னன்னு சொல்றது ஆதிரை? பசிக்காதவங்கள எப்படிச் சாப்பிட வெக்கிறது? ரெண்டு மாசம்" என்றாள்.

ஆதிரையின் போன் அடித்தது. மணி.

ஆதிரை அதை அணைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். கல் காயும் வாசனை வந்தது. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் தட்டு இருந்தது.

"எனக்கு வேண்டாம் கண்ணு. நீ சாப்பிடு."

"நீ கடைசியா எப்பச் சாப்பிட்ட?"

பூங்கோதை யோசித்தாள். பன் தொடவில்லை. காலையில் அவசரம். நேற்று சோறு சிதறிய மேஜையைத் துடைத்ததுதான் ஞாபகம் இருந்தது, சாப்பிட்டது ஞாபகம் இல்லை. கல்யாணத்தில் இலையை மூடினாள். எல்லாம் டென்ஷன் என்றல்லவா நினைத்திருந்தாள். புடவைக் கொசுவம் கொஞ்ச நாளாக நழுவிக்கொண்டே இருந்ததும் இப்போதுதான் உறைத்தது.

"நீயும்தானே அந்தத் தயிரைச் சாப்பிட்ட" என்றாள் ஆதிரை. "உக்காரு."

"பசிக்கவே இல்லையேடி."

"பசிக்காது. மொத நாலு வாய் மண்ணு மாதிரி இருக்கும். வயிறு வேண்டாம் வேண்டாம்னு சொல்லும், அது சொல்றதக் கேக்காத. தட்டுல எவ்வளவு மிச்சம்னு பாக்காத. யாராச்சும் எதுக்க உக்காந்திருந்தா கொஞ்சம் சுலபம். நான் உக்காந்திருக்கேன். நாளைக்கு ஊருக்கும் இதையே சொல்லு."

பூங்கோதை ஒரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தாள். மகள் சொன்னது நிஜம். வாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது. தொண்டை வழி விடவில்லை. துப்பிவிடலாம் போல இருந்தது. இதையா இவள் இத்தனை நாளாக, ஒவ்வொரு மணிக்கும், முகம் சுளிக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்? எதிரே ஆதிரை தன் தோசையைப் பிய்த்து, மென்று, அவசரப்படாமல் சாப்பிட்டபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு இன்னொரு வாய். அதற்குப் பிறகு இன்னொன்று.

தட்டு காலியாக வெகுநேரம் ஆனது.

"இன்னொண்ணு வெக்கட்டுமாம்மா?" என்று ஆதிரை கேட்டாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது, கொஞ்சம் ஆசை இருந்தது. அந்த முகம் எப்படி இருக்கும் என்று பூங்கோதைக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் வைத்திருந்த முகம்தான் அது.

"வை கண்ணு" என்றாள். "பசிக்குது."

ஆதிரை சிரித்துக்கொண்டே தோசைக்கரண்டியை எடுக்கப் போனாள்.